மிளகின் ஐந்து குட்டிகள்

செப்டம்பர் 3

மிளகு ஈன்றுவிட்டது. விடிந்ததும் முதல் குட்டி. மத்தியானச் சோறு வேகும் நேரத்துக்குள் ஐந்தும் வெளியே வந்துவிட்டன. மூன்று ஆண், இரண்டு பெண். நான்காவது மூச்சில்லாமல் வந்தது. வாய்ச் சளியை உறிஞ்சித் துப்பிவிட்டு, துண்டில் கிடத்தி முதுகைத் தேய்த்தேன். வலது மணிக்கட்டு வீங்கியிருப்பதால் இடது கையால்தான் முடிந்தது.

"விட்டுருங்க, அது போயிட்டு" என்றாள் செண்பகம், நடையில் நின்றபடியே.

நான் விடவில்லை. கைச்சூடு ஏற ஏறத் தேய்த்துக்கொண்டே இருந்தேன். திடீரென்று ஒரு கீச்சுக் குரல். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. செண்பகம் வெந்நீரை வைத்துவிட்டு உள்ளே போனாள். கட்டிய மனைவி என்னோடு பேசி ஒரு வாரம் ஆகிறது. இன்று பேசியது அந்த ஒரு வாக்கியம்தான்.

மாவட்டப் போலீஸ் நாய்ப்படையில் இருந்த காலத்தில் நாயைப் பற்றித் தினமும் குறிப்பு எழுத வேண்டும். அந்தப் பழக்கத்தில்தான் இதையும் எழுதுகிறேன். மிளகு சுத்தமான ஃபாக்ஸ் டெரியர். கொடைக்கானலில் ஒரு வயதான தம்பதியிடம் வாங்கியது. முதல் பருவத்திலேயே சேர்க்கச் சொன்னார்கள் பலர். நான் மூன்று வயது ஆகும்வரை காத்திருந்தேன். முழங்கால், காது எல்லாம் கால்நடை டாக்டர் ஹெப்சிபாவிடம் காட்டி, நல்லது என்று அவர் சொன்ன பிறகுதான் மதுரையிலிருந்து ஆண் நாய் வந்தது. வாழ்நாளில் இந்த ஒரு ஈற்றுதான். அதற்கு மேல் மிளகின் உடம்பை வருத்த மாட்டேன்.

சஸ்பென்ஷனும் ஒரு விதத்தில் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் மிளகு தனியாகக் கிடந்து ஈன்றிருக்கும்.

மணிக்கட்டு, குட்டிப் பெட்டியைத் தூக்கும்போது சுளுக்கியது.

செப்டம்பர் 4

ஐந்தும் பால் குடிக்கின்றன. பெட்டியை இன்றுதான் பரணிலிருந்து இறக்கினேன். நேற்றுவரை மிளகு பழைய போர்வையில் கிடந்தது.

செப்டம்பர் 6

ஆண் நாயைக் கொண்டுவந்த மதுரைக்காரர் போன் செய்தார். இன்றைக்கே வாலை நறுக்கிவிட வேண்டுமாம். ரப்பர் வளையம் போட்டாலும் சரி, கத்தரியால் வெட்டினாலும் சரி, கண் திறப்பதற்குள் செய்தால் வலி தெரியாதாம். "உமக்கு எப்படித் தெரியும், குட்டி உம்மிடம் சொல்லிச்சா?" என்று கேட்டேன். கண்கூடத் திறக்காத ஜீவனின் எலும்பை நறுக்குகிறவன் மனுஷனே இல்லை. போனை வைத்துவிட்டேன்.

மத்தியானம் கான்ஸ்டபிள் அருமைநாயகம் வந்தான். என்னோடு சஸ்பெண்ட் ஆனவன் அவன்தான். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருடம் ஆகவில்லை. மாஜிஸ்திரேட் விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று நடுங்கினான். நான் தெளிவாகச் சொல்லிக் கொடுத்தேன். பேச்சிமுத்து என்ற அந்தப் பையனை பைக் திருட்டு சம்பந்தமாக விசாரணைக்கு அழைத்து வந்தோம். அவன் ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தான். ஆஸ்பத்திரி போகும் வழியில் இறந்தான். அவ்வளவுதான். கூட ஒரு வார்த்தை வேண்டாம்.

"ஏட்டையா, அந்த பாத்ரூம்ல ரெண்டு மாசமா தண்ணியே வரலியே" என்றான்.

வீட்டுக்குப் போகச் சொன்னேன்.

செப்டம்பர் 9

கல் எறிந்தார்கள். பேச்சிமுத்துவின் ஆட்கள் பதினைந்து பேர் இருக்கும். ஜன்னல் கண்ணாடி இரண்டும் போயிற்று. ஒரு கல் குட்டிப் பெட்டிக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. மிளகு குட்டிகளுக்கு மேலே காலை விரித்து நின்றுகொண்டு, குரைக்கக்கூடச் செய்யாமல், வாசலையே பார்த்தது. முதுகு மயிர் குத்திட்டு நின்றது.

வெளியே ஒரு பொம்பளைக் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. "ஏல தவசி, வெளிய வால! எம்புள்ளைய என்னல செஞ்ச?" அவன் தாய்.

குட்டிகளை விட்டுவிட்டு நான் போக முடியாது. செண்பகம் போனாள். கதவைத் திறந்து முற்றத்தில் போய் நின்றாள். ஒரு கல் அவள் நெற்றியில் பட்டது. அதன்பிறகு எறியவில்லை. அந்தம்மாவும் செண்பகமும் வேலியோரம் நின்று வெகு நேரம் பேசினார்கள். என்ன பேசினார்கள் என்று கேட்டேன். முந்தானையால் ரத்தத்தை ஒற்றிக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

பெட்டியில் கண்ணாடித் தூள் கிடக்கிறதா என்று ஒவ்வொரு துணியாக உதறிப் பார்த்தேன். ஒரு குட்டிக்கும் கீறல் இல்லை.

செப்டம்பர் 15

கண் திறந்துவிட்டன. முதலில் திறந்தது அந்த நாலாவது குட்டிதான். நீலம் கலந்த புகை நிறக் கண். என் விரலைத்தான் முதலில் பார்த்திருக்கும்.

சாப்பிடும்போது செண்பகம் கேட்டாள். "கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசத்துல நீங்க உங்க துணியத் துவைச்சு நான் பாத்ததில்ல. அன்னைக்கு மட்டும் எதுக்கு யூனிபார்ம நீங்களே வாளியில போட்டு ஊற வச்சிய? தண்ணி ஏன் செகப்பா இருந்துச்சு?"

மீன் வாங்கி வந்த பை ஒழுகிவிட்டது, அன்றைக்கே சொன்னேனே என்றேன்.

"அன்னைக்கு வெள்ளிக்கிழம" என்றாள்.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கிடையாது. மறந்துவிட்டேன்.

செப்டம்பர் 22

புறவாசல் கதவு இடுக்கு வழியாக ஒரு பெருச்சாளி குட்டிகளிடம் வந்துவிட்டது. பூனை அளவு இருக்கும். நான் கட்டையை எடுப்பதற்குள் மிளகு பாய்ந்துவிட்டது. பிடரியைப் பிடித்து ஒரே உதறல். கழுத்து முறியும் சத்தம் எனக்குக் கேட்டது. சுவரெல்லாம் ரத்தம் தெறித்தது. அது செத்ததும் கீழே போட்டுவிட்டு, ஒருமுறை முகர்ந்து பார்த்துவிட்டு, குட்டிகளிடம் போய்ப் படுத்துக்கொண்டது.

ஜாதி டெரியரின் அழகே அதுதான். வதைக்காது. வேலை முடிந்த இடத்தில் நிறுத்திவிடும்.

சுவரைக் கழுவினேன். செண்பகம் வாளியைத் தர மறுத்துவிட்டாள். தோட்டத்துக் குழாயில் பிடித்துக் கழுவினேன்.

செப்டம்பர் 30

குட்டிகள் கூழ் குடிக்கத் தொடங்கிவிட்டன. குக்கர் விசில், தட்டு விழும் ஓசை, ரேடியோ எல்லாம் பழக்குகிறேன். போகிற வீட்டில் எதற்கும் மிரளக்கூடாது.

எங்கள் இன்ஸ்பெக்டர் ரகுபதி மப்டியில் வந்தார். அவருக்கும் வேலை தராமல் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். வரும்போதே ஆண் குட்டி ஒன்றைப் பிடரியோடு தூக்கித் தொங்கவிட்டுப் பார்த்தார். நான் வாங்கிக் கீழே விட்டேன்.

"இத எனக்குத் தந்துரு தவசி."

"இல்லங்கய்யா. உங்களுக்குத் தர முடியாது."

"ஏன்யா?"

"மொட்ட மாடியில ஒரு அல்சேஷன் வச்சிருந்தீங்க. வெயில்ல சங்கிலியோட கட்டிப் போட்டு, பெல்ட்டால அடிப்பீங்க. நான் பாத்திருக்கேன்."

அவருக்குக் கோபம் வரவில்லை. சிரித்தார். சிகரெட்டைப் பற்றவைத்துக்கொண்டு, "நாய்க்குட்டிக்கு இவ்வளவு சட்டம் பேசுற ஆளு. அன்னைக்கு நான் போதும், போதும்னு கத்துனேனே. உன் காதுல விழுந்துச்சாய்யா? அருமைநாயகம் உன் இடுப்பப் பிடிச்சு இழுத்தான். அவனையும் உதறிவிட்டுட்டுப் போயி அடிச்ச. நான் தட்டி வைன்னுதான் சொன்னேன். கொல்லச் சொல்லல" என்றார்.

போகும்போது, எல்லாரும் ஒன்றுபோலச் சொன்னால்தான் எல்லாருக்கும் நல்லது என்றும் சொன்னார்.

அவர் சொன்னது பொய். அவர் போதும் என்று சொல்லவில்லை. நான் அந்த அறையில்தான் இருந்தேன். சொல்லியிருந்தால் எனக்குக் கேட்டிருக்கும்.

செண்பகம் அடுக்களையில் இருந்தாள். இந்த வீட்டில் எதைப் பேசினாலும் அடுக்களைக்குக் கேட்கும்.

அக்டோபர் 8

குட்டி கேட்டு ஆட்கள் வருகிறார்கள். சும்மா தூக்கிக் கொடுத்துவிட நான் கோழி விற்கவில்லை. எட்டு வாரம் முடியாமல் தாயைப் பிரிக்க மாட்டேன். வீட்டை வந்து பார்ப்பேன். சங்கிலி கூடாது. அடி கூடாது. ஈன வைத்து விற்கக்கூடாது. வைத்துக்கொள்ள முடியாமல் போனால், எத்தனை வருடம் கழித்தானாலும் என்னிடமே திருப்பித் தர வேண்டும்.

காதலிக்குப் பரிசு கொடுக்கக் கேட்ட ஒருத்தனைத் திருப்பி அனுப்பினேன். ஜோடியாகக் கேட்ட வியாபாரியையும். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவருக்கும், எண்ணெய்க்கடைக் குடும்பம் ஒன்றுக்கும் சரி என்றேன். பக்கத்து ஊர் நர்ஸ் பொண்ணு ரெபேக்காவுக்கு அந்த நாலாவது குட்டியைப் பிடித்துவிட்டது. தரையில் உட்கார்ந்து, அதுவாக வரும்வரை காத்திருந்தாள். பயிற்சிக்கு வெளியூர் போகிறாள், நவம்பரில்தான் எடுத்துக்கொள்வாள். ஒரு பெண் குட்டி எங்களுக்கு.

இன்று, குட்டி கேட்டிருந்த சௌந்தரராஜன் வீட்டுக்குப் போனேன். ஜவுளிக்கடையில் கணக்குப்பிள்ளை. மனைவி இல்லை, இறந்துவிட்டாள். மித்ரா என்று நாலாம் வகுப்புப் படிக்கும் பெண். வீடு துடைத்து வைத்தாற்போல இருந்தது. அவரும் அதிர்ந்து பேசாத ஆள். கேட் இடுக்கைக் கம்பி வலை வைத்து அடைக்கச் சொன்னேன், உடனே கொத்தனாருக்குப் போன் போட்டார். இத்தனை வருட சர்வீஸில் ஆயிரம் பேரைப் பார்த்தே எடை போட்டவன் நான். நல்ல வீடு.

அந்தப் பிள்ளை மட்டும் அப்பா பேசும்போதெல்லாம் அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தது. கூச்ச சுபாவம்.

அக்டோபர் 20

தடுப்பூசி போட்டாயிற்று. டாக்டர் ஹெப்சிபா ஐந்தையும் மேசையில் விட்டு, இவ்வளவு நன்றாக வளர்ந்த குட்டிகளைத் தான் பார்த்ததில்லை என்றார். என் மணிக்கட்டையும் பார்த்தார். "ஏட்டையா, இது சுளுக்கு மாதிரி இல்லியே. எத ஓங்கி ஓங்கி அடிச்சிங்க?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார். பிறகு அவருக்கே ஏதோ நினைவு வந்தாற்போல, கையை விட்டுவிட்டு ஊசி மருந்தை எடுக்கப் போனார்.

அக்டோபர் 29

மூன்று குட்டிகள் போய்விட்டன. மித்ரா தன்னுடையதற்குப் பட்டாணி என்று பேர் வைத்திருக்கிறாள். மிளகு பெட்டியைச் சுற்றிச் சுற்றி வருகிறது.

அக்டோபர் 31

தீபாவளி. எங்கள் வீட்டில் அடுப்பு எரியவில்லை. செண்பகம் காலையிலேயே எங்கோ போய்விட்டு, மாலையில் வந்தாள். பேச்சிமுத்து வீட்டுக்கு என்று பிறகு தெரிந்தது.

நவம்பர் 6

குட்டி எப்படி இருக்கிறது என்று பார்க்கச் சௌந்தரராஜன் வீட்டுக்குச் சொல்லாமல் போனேன். அப்படித்தான் போக வேண்டும்.

மித்ராதான் கதவைத் திறந்தாள். முகம் சரியில்லை. குட்டி எங்கே என்றேன். பின்பக்கம் கை காட்டினாள். பாத்ரூம் கதவு வெளியே தாழ் போட்டிருந்தது. திறந்தேன். பட்டாணி மூலையில் ஈரத்தில் கிடந்தது. என் குரல் கேட்டு வாலை ஆட்டியது. எழுந்திருக்க முடியவில்லை. பின்னங்கால் ஒன்று திசை மாறிக் கிடந்தது. காதோரம் ரத்தம் காய்ந்திருந்தது. பக்கத்தில் மாப்புக் கட்டை.

சௌந்தரராஜன் உள்ளே இருந்து வந்தார். அதே பதமான குரல். "அது ஒண்ணுமில்லங்க. பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டு" என்றார்.

மாப்புக் கட்டை என் கைக்கு வந்தது.

அடையாளம் தெரியாமல் அடிக்க எங்களுக்குத் தெரியும். உள்ளங்கால், தொடையின் பின்பக்கம். ஆனால் அதையெல்லாம் நான் பார்க்கவில்லை என்று தெரிகிறது. முதல் அடியிலேயே அவர் முன்பல் விழுந்தது. கீழே விழுந்த பிறகும் விலாவில் அடித்திருக்கிறேன். கட்டை முறிந்த பிறகு காலால். "ஐயா, விடுங்கய்யா" என்றார். அந்தப் பையன் சொன்ன அதே வார்த்தை. அதே மாதிரிதான் கையைத் தலைக்கு மேலே வைத்துக்கொண்டான் அவனும்.

பக்கத்து வீட்டு ஆட்கள் நாலைந்து பேர் சேர்ந்துதான் என்னைப் பிரித்தார்கள். வீடு திடீரென்று அமைதியானது போல இருந்தது. மித்ரா சுவரோடு ஒட்டி நின்றிருந்தாள். தரையில் மூத்திரம்.

"மாமா, போதும் போதும்னு நான் கத்திக்கிட்டே இருந்தேன்ல. ஏன் மாமா நிறுத்தல?" என்றாள்.

எனக்குக் கேட்கவில்லை. ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

குட்டியைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் வந்தேன். இன்ஸ்பெக்டர் அன்று சொன்னதை வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

நவம்பர் 7

பட்டாணிக்குக் காலில் கட்டு. நடக்கும் என்கிறார் டாக்டர். சௌந்தரராஜனுக்கு விலா எலும்பு இரண்டு முறிந்திருக்கிறது. அவரும் பிழைத்துக்கொள்வார். மித்ராவை அத்தை வந்து கூட்டிப் போய்விட்டாளாம். ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் என் பழைய ஆட்கள். "மெதுவா வாங்க ஏட்டையா, அவசரமில்ல" என்று டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் போனதும் செண்பகம் வந்து எதிரே நின்றாள்.

"நாளைக்கு மாஜிஸ்திரேட்டப் பாக்கப் போறேன்."

"எதுக்கு?"

"வாளித் தண்ணியப் பத்திச் சொல்ல. அன்னைக்கு இன்ஸ்பெக்டரு இங்க உக்காந்து சொன்னதச் சொல்ல. இத்தன நாளும் நீங்களே போவியன்னு பாத்தேன். அந்தப் பொம்பள தெனமும் ஒரே கேள்வியக் கேக்கா. சாகும்போது எம்புள்ள என்ன சொன்னான்னு கேக்கா. நான் என்னத்தச் சொல்ல?"

"நீ என் பொண்டாட்டி."

"ஆமா. அதனாலதான் இவ்வளவு நாளு."

கை எழுந்தது. நான் எழுப்பவில்லை, எழுந்தது என்று எழுதத்தான் வருகிறது. செண்பகம் நகரவில்லை, கண்ணை மட்டும் மூடிக்கொண்டாள். அது இறங்குவதற்குள் மிளகு பாய்ந்துவிட்டது. வலது கையில், கட்டை விரலுக்குக் கீழே. பல் எலும்பில் இறங்கியது. என் கையில் தின்று வளர்ந்த நாய். என்னைப் பார்த்துக்கொண்டே தொங்கியது. சுவரில் ஓங்கி அடித்திருந்தால் விட்டிருக்கும். இடது கையால் அதன் கழுத்தைப் பிடித்தும்விட்டேன்.

"போதும் மிளகு. விடு" என்றாள் செண்பகம்.

மிளகு உடனே விட்டது.

நவம்பர் 8

இடது கையால் எழுதுகிறேன். செண்பகம் காலையில் நீலச் சேலை கட்டிக்கொண்டு போனாள். நான் தடுக்கவில்லை. எனக்குச் சோறு வடித்து மூடி வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

அருமைநாயகமும் முந்தா நாளே போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டானாம்.

நவம்பர் 9

இன்ஸ்பெக்டரின் போன் வந்துகொண்டே இருந்தது. எடுக்கவில்லை. பட்டாணி மூன்று காலில் நொண்டிக்கொண்டு வந்து கூழ் குடித்தது.

கேட்டிருந்தால் நிறுத்தியிருப்பேனா என்று யோசித்துப் பார்க்கிறேன்.

நவம்பர் 10

சிபிசிஐடி ஆட்கள் இன்று வருவார்கள் என்று தகவல். குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். பட்டன்களைச் செண்பகம்தான் போட்டுவிட்டாள், கையில் கட்டு இருப்பதால்.

அவர்களுக்கு முன்னால் ரெபேக்கா வந்துவிட்டாள். இன்றைக்குத்தான் குட்டியை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தாள். எனக்கு நாளே மறந்துபோயிருந்தது. கூடையில் புதுத் துணி விரித்துக் கொண்டுவந்திருந்தாள். நான் அந்த நாலாவது குட்டியை இடது கையில் ஏந்திக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். அடுத்த ஊசி எப்போது, பூச்சி மருந்து எப்போது, பால் சோறு வேண்டாம், கத்தி அதட்ட வேண்டாம்.

"ஏதாவது சந்தேகம்னா உங்களுக்குப் போன் பண்ணலாமா சார்?"

"நான் இங்க இருக்க மாட்டேன்மா. செண்பகத்துக்கிட்ட கேளு."

"ஊருக்குப் போறீங்களா?"

செண்பகம்தான் சொன்னாள். "இல்லம்மா. ஜெயிலுக்குப் போறாங்க. ஸ்டேஷன்ல வச்சு ஒரு பையன அடிச்சே கொன்னுட்டாங்க."

ரெபேக்கா என்னைப் பார்த்தாள். இல்லை என்று நான் சொல்வேன் என்று எதிர்பார்த்த மாதிரி இருந்தது. நான் சொல்லவில்லை.

நீட்டிய கையை அவள் மெதுவாக இழுத்துக்கொண்டாள். அந்தப் பையனின் பேர் என்ன என்று செண்பகத்திடம் கேட்டாள். செண்பகம் சொன்னாள். அந்தப் பேரை ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு, "குட்டிய எடுத்துக்கிறேன்க்கா. ஆனா நீங்க குடுங்க" என்றாள்.

குனிந்து குட்டியைத் தரையில் விட்டேன். செண்பகம் "வா, வா" என்று கூப்பிட்டாள். அது ஓரடி போய்விட்டுத் திரும்பி என்னிடமே ஓடிவந்தது. என் கைக்குத் தாவியது. என் கையைத்தானே அதற்குத் தெரியும். இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் என் காலைப் பிராண்டிக்கொண்டிருந்தது. அப்புறம் செண்பகம் வந்து தூக்கிக்கொண்டு போனாள்.

வாசலில் ஜீப் நிற்கும் சத்தம். மிளகு குரைக்கிறது.